அவையஞ்சாமை யாருக்கு?

மேலாளர்களுக்குப் பேச்சுக்கலை ஏன் முக்கியம் என்று ஒரு பயிற்சியாளர் எழுதிய நீண்ட கட்டுரை சென்ற இதழில் வந்திருந்தது. அவையைக் கட்டிப்போடத் தெரிந்தவர்தான் தலைவர், தயங்கிப் பேசுகிற மேலாளரை யாரும் மதிப்பதில்லை, நம் மண்ணே மேடைப் பேச்சால் ஆளப்பட்ட மண் என்று விரிகிறது அது. விறுவிறுப்பாக எழுதப்பட்ட கட்டுரை என்பதால்தான் அதைச் சும்மா விட முடியவில்லை. மனிதவளத் துறையினர் இதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். கொஞ்ச நாளில் அது இரண்டு நாள் பயிற்சி வகுப்பாகி, ஒரு ஓட்டல் அரங்கில் நடக்கும். அதில் உட்கார்ந்து வரும் மேலாளர், போனபோது இருந்ததைவிட மோசமான மேலாளராகத் திரும்பி வருவார். கோபத்தில் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்த வகுப்புகளின் விளைவைத் தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கட்டுரை முழுக்க ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. நாம் பேசும்போது சொற்களின் பங்கு வெறும் 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. ஆகவே மேலாளர் என்ன சொல்கிறார் என்பதில் நேரத்தை வீணாக்காமல், எப்படி நிற்கிறார், எப்படிக் கையை வீசுகிறார் என்பதில் கவனம் வைக்க வேண்டும். இது ஆய்வில் நிரூபணமான உண்மை என்கிறார். எந்த ஆய்வு, யார் செய்தது, எதைக் கேட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகள் அவை. முதல் ஆய்வில், அன்பைக் காட்டும் சொல், வெறுப்பைக் காட்டும் சொல், இரண்டும் இல்லாத சொல் என்று சில ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிப்பதிவு செய்து மாணவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது ஆய்வில் அதுவும் இல்லை. 'மேபி' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான். அதை மூன்று தொனியில் சொல்லவைத்து, மூன்று விதமான முகபாவப் புகைப்படங்களோடு சேர்த்துக் கொடுத்து, இப்படிச் சொல்கிறவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். இரண்டின் விடைகளையும் ஒட்டிச் சேர்த்ததில் வந்த சூத்திரம்தான் இது. வாய் ஒன்று சொல்லி முகம் வேறு சொன்னால், விருப்பு வெறுப்பு விஷயத்தில் நாம் முகத்தை நம்புகிறோம். அந்த ஆய்வுகள் காட்டியது அவ்வளவுதான். உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிப் பேசாத இடத்தில் இந்தச் சூத்திரம் பொருந்தாது என்று மெஹ்ரேபியனே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்.

ஒற்றைச் சொல்லையும் புகைப்படத்தையும் வைத்துச் செய்த சோதனையை எடுத்து, பாய்லர் பக்கத்தில் நின்று ஒரு ஃபோர்மேன் கொடுக்கும் உத்தரவுக்குப் பொருத்துகிறார் கட்டுரையாளர். "மூணாம் நம்பர் வால்வைத் திறக்காதே" என்ற வாக்கியத்தில் 'மூணாம் நம்பர்' என்பதை எடுத்துவிட்டால் எத்தனை சதவீதம் குறையும்? 'திறக்காதே' என்பது 'திற' என்று காதில் விழுந்தால் மீதி 93 சதவீதம் அந்த ஆளைக் காப்பாற்றுமா? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் புது மெஷின் நிறுவ ஜப்பானியப் பொறியாளர்களோ கொரியப் பொறியாளர்களோ வரும்போது, நிறுவனங்கள் கைக்காசு செலவழித்து மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் நிறுத்துகின்றன. வந்தவரின் முகமும் கையும் குரலும் எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தன. இல்லாமல் போனது சொல் மட்டும். அந்த 7 சதவீதம் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட எங்களால் முறுக்க முடியவில்லை.

எண் தவறு என்பதோடு போனால் பரவாயில்லை. அதிலிருந்து அவர் இறங்கும் இடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தலைவர் ஒருபோதும் சந்தேகத்தை வெளியே காட்டக்கூடாது, தெரியாத விஷயத்தையும் உறுதியான குரலில் சொல்லப் பழக வேண்டும், கீழே இருப்பவர்கள் அந்த உறுதியைப் பார்த்துத்தான் பின்னால் வருவார்கள் என்கிறார். பின்னால் வருவார்கள் என்பது உண்மை. எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரிஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். கடும் மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்தின் 747 விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி யாகோப் வான் சான்டன், அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த தலைமைப் பயிற்சியாளர். நிறுவனத்தின் விளம்பரத்தில் முகமாக நின்றவர். கட்டுரையாளர் வரைந்து காட்டும் தலைவரின் இலக்கணம் அத்தனையும் அவரிடம் இருந்தது. அவர் கிளம்பத் தொடங்குகிறார். பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர், ரேடியோவில் கேட்டதை வைத்து, அந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வருகிறது. தயக்கம் இல்லாத, சந்தேகம் துளியும் காட்டாத பதில். பொறியாளர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

மூடுபனி, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசியதால் ரேடியோவில் எழுந்த இரைச்சல், குழப்பமான சொற்கள் என்று காரணங்கள் பல. ஆனால் அந்தக் காக்பிட்டுக்குள் சரியான கேள்வி சரியான நேரத்தில் எழுந்தது. அதைச் சாகடித்தது ஒரு தலைவரின் உறுதியான குரல். விமானத் துறை இதிலிருந்து பாடம் படித்த விதத்தைப் பாருங்கள். கேப்டன்களுக்கு இன்னும் கம்பீரமாகப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. கிளம்புவதற்கான அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் ரேடியோவில் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று விதி செய்தார்கள். கட்டுரையாளர் 7 சதவீதம் என்று தள்ளிவிட்ட சொல்லுக்கு, உலகம் முழுவதும் விமானிகளைக் கட்டுப்படுத்தும் விதி! கூடவே, 1979-இல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து கிளம்பி, 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தொடங்கி வைத்து, இன்று எல்லா நிறுவனங்களிலும் கட்டாயமாகிவிட்ட ஒரு பயிற்சி வந்தது. இளைய விமானி வாய் திறக்க வேண்டும், கேப்டன் அவரை வாய் திறக்க வைக்க வேண்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். தலைவர்களுக்கான பேச்சுப் பயிற்சி என்று உலகத்தில் எதையாவது மதிக்க வேண்டுமானால் அதை மதிக்கலாம்.

விமானம் போன்ற பெரிய இடத்துக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிரஸ் ஷாப் உள்ள ஒரு தொழிற்சாலை. காலை ஷிப்ட் தொடங்குமுன் லைனுக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடி நிற்கும் கூட்டம். மேலாளர் இப்படியொரு வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். கால்களைச் சரியாக விரித்து நின்றார். ஒவ்வொருவர் கண்ணையும் மூன்று நொடி பார்த்தார். குரலை ஏற்றி இறக்கினார். பாதுகாப்புதான் நம் முதல் கடமை என்று உணர்ச்சிகரமாகப் பேசி, குட்டிக்கதையும் சொல்லி முடித்தார். பிறகு, "எனி டவுட்ஸ்?" என்றார். யாரும் பேசவில்லை. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." கைதட்டச் சொன்னார், தட்டினார்கள்.

கூட்டம் முடிந்து டீ கவுன்டரில் நிற்கும்போது, பிரஸ்ஸில் ஹெல்ப்பராக இருந்த பையன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, அஞ்சாம் நம்பர் பிரஸ்ல லைட் கர்ட்டன பைபாஸ் பண்ணி ஓட்டுறாங்கண்ணே. முந்தாநாள்ல இருந்தே அப்படித்தான். நைட் ஷிப்ட்ல டார்கெட் வரலன்னு." லைட் கர்ட்டன் என்பது பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை, கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். அதைத் துண்டித்துவிட்டால் நிற்காது, கை போய்விடும். "மீட்டிங்ல கேட்டாருல்ல, ஏன்டா சொல்லல?" என்றேன். "அவ்ளோ பேரு முன்னாடி எப்படிண்ணே சொல்றது? சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கிறாரு. அதுவும் நான் கான்ட்ராக்ட்டு." டீயை வைத்துவிட்டு ஓடிப்போய் மெஷினை நிறுத்தினோம். பாதுகாப்பைப் பற்றி மேலாளர் அருமையாகப் பேசிக்கொண்டிருந்த அதே இருபது நிமிடமும், பாதுகாப்பைப் பற்றி அந்தத் தளத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே உண்மை, அவருக்குப் பத்தடி தூரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது.

கட்டுரையாளரின் அளவுகோலில் அந்த மேலாளருக்கு முழு மதிப்பெண். அவையஞ்சவில்லை, தடுமாறவில்லை, கைதட்டலும் வாங்கினார். என் அளவுகோலில் அந்தக் கூட்டம் முழுத் தோல்வி. ஒரு பணியிடத் தலைவர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பதை, அவர் பேசி முடித்தபின் அவரிடம் எந்த உண்மை வந்து சேர்ந்தது என்பதை வைத்துத்தான் அளக்க முடியும். கட்டுரையாளருக்கும் எனக்கும் உள்ள சண்டை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

'எனி டவுட்ஸ்' என்று கேட்டால் மௌனம்தான் பதிலாக வரும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, நாசா அதிகாரிகளும் ராக்கெட் பூஸ்டர் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்களும் தொலைபேசி வழியே கூடினார்கள். மறுநாள் குளிர் கடுமையாக இருக்கும், பூஸ்டர் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலியும் அவரோடு இருந்த பொறியாளர்களும் சொன்னார்கள். நாசா தரப்பு எரிச்சலைக் காட்டியது. தையகால் நிர்வாகிகள் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தனியே பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்று ஒரு மூத்த நிர்வாகி தன் சகாவிடம் சொன்னார். முடிவு மாறியது. இணைப்பு திரும்பவும் வந்ததும், ஏவலாம் என்ற முடிவு வாசிக்கப்பட்டது. மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா என்று நாசா அதிகாரி ஒருவர் கேட்டார். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை உயிரைக் கொடுத்து வாதாடியவர்கள் அந்த அறையில்தான் இருந்தார்கள். மறுநாள் காலை வெப்பநிலை 36 டிகிரி. கிளம்பிய 73-ஆவது நொடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர் தன் கடமையைச் செய்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்பு கசப்பான பதில் சொன்னவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரு தலைவர் கேள்வி கேட்கிறபோது கேட்பவர்கள் அவருடைய உடல்மொழியை ஆராய்வதில்லை. போன தடவை பதில் சொன்னவன் கதி என்ன ஆயிற்று என்றுதான் யோசிக்கிறார்கள். பிரச்சினையைக் கொண்டுவராதே, தீர்வோடு வா என்று ஊழியர்களைப் பழக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். தீர்வு தெரியாதவன் பிரச்சினையைச் சொல்லாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். அஞ்சாம் நம்பர் பிரஸ்ஸைப் பற்றித் தெரிந்திருந்த பையனிடம் என்ன தீர்வு இருந்திருக்க முடியும்?

மேலிடத்துக்கு நேரமில்லை, எல்லாவற்றையும் ஒரு ஸ்லைடில் ஐந்து வரிக்குள் அடக்கு, கெட்ட செய்தியை நல்ல வார்த்தையில் பொதிந்து கொடு என்ற அறிவுரைக்கும் ஒரு ஸ்லைடையே பதிலாக வைக்கிறேன். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, சேதம் எவ்வளவு இருக்கலாம் என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து பவர்பாயின்ட் ஸ்லைடுகளில் கொடுத்தார்கள். அதில் முக்கியமான ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கத்தில் இருப்பதாக நம்ப வைக்கும் தலைப்பு. அதன்கீழ் புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில், மிகச் சிறிய எழுத்தில், உண்மை கிடந்தது: சோதனையில் சுட்டுப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணக்கிட்ட துண்டு 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. கையில் இருக்கும் தரவை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் அந்த ஸ்லைடு உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. தலைப்பு அதற்கு நேரெதிராகச் சொன்னது. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது கலம் உடைந்தது. கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் இறந்தார்கள்.

அதே ஆண்டு வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியே எடுத்துப் பேசுகிறது. இதைப் படிக்கும் உயரதிகாரி இது உயிர் போகும் விஷயம் என்று உணராமல் போவது எவ்வளவு எளிது என்று சுட்டிக்காட்டுகிறது. தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடு வந்து உட்கார்ந்ததையும் கண்டிக்கிறது. எழுதியவர்கள் திறமையில்லாதவர்களோ கெட்டவர்களோ இல்லை. சுருக்கமாக, நம்பிக்கை தரும் விதத்தில் மேலே அனுப்பு என்று அவர்களைப் பழக்கியிருந்தார்கள். அதே பழக்கத்தைத்தான் கட்டுரையாளர் திறன் என்று சொல்லி விற்கிறார்.

கடைசியாக வள்ளுவரை இழுக்கிறார். அவையஞ்சாமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறதாம், சொல்வன்மை இருக்கிறதாம். தலைவனுக்குப் பேச்சுதான் ஆயுதம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாராம். இந்த இடத்தைப் படித்தபோதுதான் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. அதிகாரத்தின் பெயரை மட்டும் பார்த்தவர், அது எந்த இயலில் இருக்கிறது என்று ஒரு பக்கம் திருப்பிப் பார்த்திருக்கக்கூடாதா?

பரவலாக வழங்கும் பகுப்பில் 39 முதல் 63 வரையுள்ள அதிகாரங்கள் அரசியல், அரசனைப் பற்றியவை. 64 முதல் 73 வரை அமைச்சியல். அரசனுக்குக் கீழே இருந்து அவனிடம் பேச வேண்டியவனைப் பற்றியவை. சொல்வன்மை 65-ஆவது அதிகாரம், அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. மூன்றுமே அமைச்சனுக்கு. அஞ்சாமல் பேசும் துணிவை வள்ளுவர் கேட்பது கீழே இருப்பவனிடம். அரசன் அறிவில்லாமல் சொன்னதைத் தள்ளிவிட்டாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவனின் கடமை என்கிறது 64-ஆவது அதிகாரம். பாய்ஸ்ஜோலி செய்தது அதைத்தான். சரி, தலைவனிடம் என்ன கேட்கிறார்? அரசியலைத் திறந்தால் முதல் அதிகாரமான இறைமாட்சியிலேயே இருக்கிறது: பார்ப்பதற்கு எளியவனாக இரு, கடுஞ்சொல் பேசாதே, காதுக்குக் கசப்பான சொல்லையும் பொறுத்துக்கொள். 42-ஆவது அதிகாரம் கேள்வி. முழுக்க முழுக்கச் செவியைப் பற்றியது. 45-இல், இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் கெடுப்பவர் இல்லாமலேயே கெடுவான் என்கிறார். உடல்மொழி பற்றிக்கூட ஒரு அதிகாரம் உண்டு, குறிப்பறிதல். அது அடுத்தவர் முகத்தைப் பார்த்து அவர் மனத்தில் உள்ளதை அறிவது. தன் முகத்தைக் கண்ணாடி முன் பழக்கிக்கொள்வது இல்லை. அமைச்சனுக்குச் சொன்ன துணிவை எடுத்து அரசன் கையில் கொடுத்துவிட்டு, அரசனுக்குச் சொன்ன பொறுமையைக் காணாமல் அடித்துவிட்டார் கட்டுரையாளர். கீழே இருப்பவன் வாயடைத்து நிற்க, மேலே இருப்பவர் மட்டும் அஞ்சாமல் பேசிக்கொண்டே இருக்கும் அலுவலகங்கள் ஏற்கெனவே நம் நாட்டில் வேண்டிய அளவு இருக்கின்றன. அதற்கு வள்ளுவர் கையெழுத்தும் வேண்டுமா?

அண்ணாவையும் மேடை மரபையும் அவர் துணைக்கு அழைப்பதும் இப்படிப்பட்டதே. அந்த மரபின்மேல் எனக்கு எல்லையற்ற மரியாதை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்களை அரசியலுக்குள் கொண்டுவந்த பேச்சு அது. 1949-இல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நின்று அண்ணாவின் பேச்சைக் கேட்டவர்களை யாரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி நிறுத்தவில்லை. பிடித்ததால் நின்றார்கள், பிடிக்காதவர் எழுந்து போக முடிந்தது, எதிர்க்கட்சி மேடை அடுத்த தெருவில் இருந்தது. ஷிப்ட் கூட்டத்தில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் சம்பளத்துக்கு நிற்கிறார். கைதட்டச் சொன்னால் தட்டுவார். அந்தக் கைதட்டலை வைத்துத் தன் பேச்சை எடைபோடும் மேலாளர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். தவிர, பொதுக்கூட்டத்தில் கேட்டவர் மனம் நிறைந்து வீட்டுக்குப் போனால் போதும். ஷிப்ட் கூட்டத்தில் கேட்டவர் பத்து நிமிடத்தில் மெஷினில் கைவைக்கப் போகிறார்.

அதிலும் இன்று அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். ஆங்கிலத்தில் பேசினால்தான் தலைவருக்கு எடை கூடும் என்று கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது. அது யாருக்காக எழுதப்பட்ட பத்தி என்று எனக்கு விளங்கவில்லை. திக்கித் திணறி இந்தியில் நாலு வாக்கியம் பேசி, பிறகு எதிரில் நிற்பவரை மெஷின் பக்கத்தில் அழைத்துப்போய், "இப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்ட ஒரு லைன் சூப்பர்வைசரை எனக்குத் தெரியும். அவருக்கு மேடையேறினால் கால் நடுங்கும். அவர் லைனில் வேலை செய்தவர்களுக்குத் தங்கள் வேலை தெரிந்திருந்தது, தவறு நடந்தால் அவரிடம்தான் முதலில் போய்ச் சொன்னார்கள்.

தவறைச் சொல்வது என்றதும் இன்னொன்று. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் அணிகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவேட்டில் கண்டது தலைகீழ்: நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. டொயோட்டா தொழிற்சாலைகளில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் ஆன்டான் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் டீம் லீடர் ஓடி வருவார். அதன் உயிர் கயிற்றில் இல்லை, ஓடி வருபவரின் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. "எதுக்குய்யா இழுத்த?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்தக் கயிற்றை அதற்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். நம் ஊரில் எத்தனையோ தொழிற்சாலைகளில் அந்தக் கயிறும் விளக்கும் அப்படித்தான் அலங்காரமாகத் தொங்குகின்றன.

அப்படியென்றால் பேசவே கற்றுக்கொள்ள வேண்டாமா என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். கற்றுக்கொள்ளுங்கள். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, மெஷின் சத்தத்தைத் தாண்டி, தெளிவாகப் பேசுவது ஒரு மேலாளருக்கு அவசியம்; அதற்கு ஒரு மத்தியானம் போதும். மீதி ஒன்றரை நாளை இதற்குச் செலவிடுங்கள். மேலாளர்களை ஒருவர் எதிரில் ஒருவரை உட்கார வையுங்கள். ஒருவர் கெட்ட செய்தி கொண்டுவரட்டும்: டெலிவரி தவறப் போகிறது, தவறான கிரேடு இரும்பு லைனில் ஏறிவிட்டது, பாதுகாப்புக் கார்டு இல்லாமல் மெஷின் ஓடுகிறது. மற்றவர் அதைக் கேட்டதும் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தைப் பழகட்டும். யார் செஞ்சது என்று கேட்காமல், "இப்ப எந்த நிலைமையில இருக்கு, உனக்கு என்ன வேணும்" என்று கேட்கும்வரை திரும்பத் திரும்பப் பழகட்டும். "எனக்குத் தெரியாது, விசாரிச்சுச் சொல்றேன்" என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகட்டும். 'புரிஞ்சுதா' என்ற கேள்வியைக் கைவிட்டு, கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைக்கட்டும். கூட்டத்தில் கடைசி ஆளிலிருந்து தொடங்கிக் கருத்துக் கேட்டு, தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். எழுபது பேர் முன்னால் சொல்ல முடியாததைச் சொல்ல, கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் டீ கவுன்டர் பக்கம் தனியாக நிற்கட்டும்.

பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பப் போய், மேலாளர் பேசியதை யாரும் மதிப்பிட வேண்டாம். கான்ட்ராக்ட் தொழிலாளர்களிடம் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ஏதாவது தப்பாக நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? பதிலில் அந்த மேலாளரின் பெயர் வரவில்லையென்றால், பயிற்சிக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.